நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு?

வல்லம் வடகாலில் சிப்காட் போகும் வழியில் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், கொஞ்சம் கம்ப்யூட்டர் சர்வீஸ். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனதும் மாணவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுடன் வரத் தொடங்குவார்கள். சீட்டில் "நம் ஊர் வரலாறு, 4 பக்கம்" என்று இருக்கும். நான் டி டிரைவைத் திறந்து, "பிராஜெக்ட்" என்ற ஃபோல்டரில் தயாராக இருக்கும் ஃபைலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி பிரிண்ட் கொடுத்துவிடுவேன். 20 ரூபாய். மூன்று ஆண்டுகளாக நடந்த வியாபாரம் இது. எத்தனை பிள்ளைகளுக்கு அதே நான்கு பக்கங்களை விற்றேன் என்று எனக்கே கணக்கில்லை.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் அந்த நான்கு பக்கங்களைத் திரும்பக் கொண்டு வந்தாள்.

"அண்ணா, நம்ம ஊர்ல மலை எங்க இருக்குன்னு மிஸ் கேக்குறாங்க."

வாங்கிப் பார்த்தேன். "வல்லத்தில் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில் மலையில் அமைந்துள்ளது" என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், "இது எங்கிருந்து கிடைத்தது?" என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் தட்டையான பூமி. ஏரி உண்டு, வயல் இருந்தது, இப்போது பாக்டரி உண்டு. மலை கிடையாது.

நடந்தது இதுதான். செங்கல்பட்டுக்கு அருகில் இன்னொரு வல்லம் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை அங்கேதான் உள்ளது. நான் காப்பி எடுத்த பக்கத்தில் "காஞ்சிபுரம் மாவட்டம், வல்லம்" என்று போட்டிருந்தார்கள். அது எழுதப்பட்ட காலத்தில் அது சரியான தகவல்தான். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019ல். அதற்கு முன் அந்த வல்லமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இதைத் தவிர தஞ்சாவூரில் ஒரு வல்லம், வேலூர் பக்கம் ஒரு திருவல்லம். தேடல் பெட்டியில் "வல்லம்" என்று மட்டும் டைப் செய்தால் எல்லாம் கலந்து வந்து நிற்கும்.

டீச்சர் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்ணிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் பெற்றோர்கள் பலர் "பிள்ளை படிப்புக்காகத்தான் வாங்கினோம்" என்கிறீர்கள். அப்படியானால் முதலில் வரும் பக்கத்தை காப்பி - பேஸ்ட் செய்யும் இயந்திரமாக அது ஆகிவிடக் கூடாது. வரலாறு தேடும் மாணவர்களுக்கு நல்ல தளங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவே. ஆனால் அவை தேடலின் முதல் பக்கத்தில் வந்து கைகட்டி நிற்பதில்லை.

ஒரு குறிப்பு. தளங்களின் முகவரியை இங்கே எழுத்து எழுத்தாகத் தரப் போவதில்லை. முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும் வேறு எங்கோ கொண்டு போய்விடும். நான் சொல்லும் பெயரைத் தேடல் பெட்டியில் தமிழிலோ ஆங்கிலத்திலோ டைப் செய்யுங்கள். சரியான தளம் வந்ததும் புக்மார்க் செய்து வைத்துக் கொள்ளுங்கள்.

மணிமங்கலம் கிடைத்த கதை

அந்தப் பெண்ணுக்கு 20 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "வேற எழுதித் தாங்க" என்றாள். எழுதித் தர மாட்டேன், உட்கார், தேடலாம் என்றேன். அவளுடைய அப்பா ஷிப்ட் முடிந்து வரும் வரை, மாலை ஏழு மணிவாக்கில், மூன்று நாட்கள் தேடினோம்.

முதல் நாள் வெறுங்கை. எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் தொழிற்பூங்கா, மனை விற்பனை, வேலைவாய்ப்பு, மறுபடியும் மனை விற்பனை. "நம்ம ஊருக்கு ஹிஸ்டரி இல்லண்ணா, கீழடி மாதிரி இருந்தாத்தான் உண்டு" என்றாள். இங்கே வாடகைக்கு வந்து தங்கியிருக்கும் வெளிமாவட்டத்துப் பிள்ளைகளும் இதையே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்பா அம்மா வேலைக்கு வந்த இடம், அவ்வளவுதான். மண்ணோடு ஒட்டு இல்லை.

இரண்டாம் நாள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, சுற்றியுள்ள ஊர்களைத் தேடினோம். கிடைத்தது மணிமங்கலம். எங்கள் கடையிலிருந்து பைக்கில் அரை மணி நேரப் பயணம்தான். அங்கே கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் போரில் தோற்கடித்தான். அதன் தொடர்ச்சியாக கி.பி. 642ல் பல்லவர் படை வாதாபி வரை சென்று அந்த நகரைப் பிடித்தது. இது பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கும் செய்திதான். ஆனால் அந்த மணிமங்கலம்தான் இந்த மணிமங்கலம் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை.

இப்போது டீச்சருடைய கேள்வியை நாங்களே கேட்டுக் கொண்டோம். இது எங்கிருந்து கிடைத்தது? விக்கிப்பீடியா சொன்னது என்று எழுதினால் போதுமா? போதாது. விக்கிப்பீடியாவுக்கு யார் சொன்னது? கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் மேற்கோள்கள் இருக்கும். பெரும்பாலோர் அங்கே போவதே இல்லை. விக்கிப்பீடியாவில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். அங்கிருந்து போனால் கூரம் செப்பேடு என்று வந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு. நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்தில் எழுதப்பட்டது. சமஸ்கிருதமும் தமிழும் அதில் உண்டு. மணிமங்கலம் உட்பட, புலிகேசி தோற்ற இடங்களின் பெயர்கள் அதில்தான் இருக்கின்றன. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு ஒதுக்கிய செய்திகூட அதில் இருக்கிறது.

அந்தச் செப்பேட்டை 1890ல் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" வரிசையின் முதல் தொகுதியில், ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். தொகுதி முழுவதும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கிறது. காசு கிடையாது. வீட்டில் உட்கார்ந்தபடி யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு காலத்தில் இந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போய், நூலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி, அலமாரியில் அது இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்ற நிலை.

மூன்றாம் நாள் இன்னும் பெரிய அதிர்ச்சி. அதே வரிசையின் மூன்றாம் தொகுதியில், 1899ல் வெளியான முதல் பாகத்தில், மணிமங்கலம் கல்வெட்டுகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளவை. முதலாம் ராஜாதிராஜன், வீரராஜேந்திரன் என்று சோழ மன்னர்கள் வரிசையாக வருகிறார்கள். ஊருக்கு லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. செங்காட்டுக் கோட்டத்தில், மாகனூர் நாட்டில் உள்ள ஊர் என்று முகவரியே போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் "மாகனூர் நாடு" என்பதை நோட்டில் இரண்டு முறை எழுதிக் கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "மிஸ் கிட்ட முதல்ல இதத்தான் சொல்லணும்" என்றாள்.

எங்கே தேடுவது, எப்படித் தேடுவது

முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தமிழக அரசு தொடங்கியது. பாடங்கள், அகராதிகள், இலக்கிய நூல்கள் எல்லாம் உண்டு. இதே நிறுவனம் நடத்தும் தமிழ் மின்னூலகத்தையும் பாருங்கள். பழைய அச்சு நூல்கள், இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. பள்ளி மாணவர்கள் தமிழில் படிக்க இங்கிருந்து தொடங்குவது நல்லது.

சங்க இலக்கியம், காப்பியங்கள் என்று மூல நூல்கள் வேண்டுமானால் மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. உலகம் முழுவதும் உள்ள தமிழர்கள் சம்பளம் இல்லாமல் டைப் செய்து ஏற்றியவை. ஸ்கேன் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் கண்ட்ரோல் விசையையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தி ஒரு சொல்லை உடனே தேடிவிடலாம். யூனிகோட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய எழுத்துரு பதிப்பைத் திறந்தால் திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயந்து என் கடைக்குத் தூக்கிக் கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, மேலே சொன்ன இன்டர்நெட் ஆர்க்கைவ். அமெரிக்காவில் 1996ல் தொடங்கப்பட்டது. "டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா" தளத்தைப் பழைய பத்திரிகைகளில் படித்துவிட்டுத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தளம் இப்போது இயங்குவதில்லை. அதிலிருந்த நூல்களில் ஏராளமானவை ஆர்க்கைவில் பத்திரமாக உள்ளன. ஒரு புத்தகத்தைத் திறந்தால் திரையிலேயே பக்கம் புரட்டிப் படிக்கலாம். டவுன்லோட் செய்யும் முன் ஃபைலின் அளவைப் பாருங்கள். சில தொகுதிகள் நூறு எம்பியைத் தாண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் பயன்படுத்துபவர்களுக்கு அன்றைய டேட்டா கரைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புத்தகம் தேடும்போது பெரிய பச்சை நிறப் பட்டனில் "டவுன்லோட்" என்று கண்ணடிக்கும் தளங்கள் குறுக்கே வரும். அவை நூலகம் அல்ல. புத்தகம் கேட்டால் இஎக்ஸ்இ என்று முடியும் ஃபைல் இறங்குகிறதா, திறக்காமல் அழித்துவிடுங்கள். எந்தப் புத்தகமும் உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆக வேண்டிய அவசியம் இல்லை.

பழைய ஆங்கில நூல்களில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மறந்துவிட வேண்டும். இதைத் தெரியாமல் நாங்கள் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தோம். செங்கல்பட்டு என்றால் "சிங்கிள்புட்", காஞ்சிபுரம் என்றால் "கான்ஜீவரம்", உத்திரமேரூர் என்றால் "உத்தரமல்லூர்". வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்தால்தான் கதவு திறக்கும். மாவட்டமும் அப்படித்தான். நம் பகுதி முழுவதும் அன்று சிங்கிள்புட் மாவட்டம். 1879ல் குரோல் என்ற அதிகாரி அந்த மாவட்டத்துக்கு எழுதிய கையேடு இருக்கிறது. அதற்கும் முன், 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் ஏறக்குறைய 2,000 ஊர்களை வீடு, தொழில், நிலம், ஏரி வாரியாகக் கணக்கெடுத்தார். நம் பகுதியைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

எழுத்தாளர்கள் வராத காலத்துக்குப் போக வேண்டுமா? அதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. 1863 மே 30ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியை முதன்முதலில் கண்டெடுத்த இடம் பல்லாவரம். அதே ஆண்டு அவரும் அவருடைய சக ஊழியரும் கண்டறிந்த அத்திரம்பாக்கம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே சாந்தி பப்பு குழுவினர் நடத்திய ஆய்வில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011ல் "சயின்ஸ்" இதழில் வெளியானது. அவர்கள் சார்ந்த சர்மா மரபுக் கல்வி மையத்தின் தளத்தைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றே அவர்கள் வேலை செய்கிறார்கள். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோதும் கற்காலக் கருவிகள் வந்தன. சுற்றிலும் பாக்டரி அஸ்திவாரத்துக்காக ஜேசிபி தோண்டிக் கொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. எதையெல்லாம் பார்க்காமலே மூடினோமோ என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல்.

மூலத்தைப் படித்தால் கதை மாறும்

மூலம், மூலம் என்று ஏன் அடித்துக் கொள்கிறேன்? ஓர் உதாரணம் போதும். உத்திரமேரூர் கல்வெட்டைத் தேடுங்கள். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்த ஊர், மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள் என்று பக்கம் பக்கமாக வரும். பிறகு கல்வெட்டின் மொழிபெயர்ப்பைப் படியுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கையா எழுதியது கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டவை. முப்பது குடும்புகள், குடவோலை, சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பது எல்லாம் உண்மை. ஆனால் உறுப்பினராகத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. அது ஒரு பிராமணச் சபை. ஊரில் உள்ள எல்லோருக்கும் அங்கே இடம் இல்லை. அதே நேரத்தில், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதியும் இருக்கிறது. பெருமைப்பட வேண்டியதும் அதில்தான், யோசிக்க வேண்டியதும் அதில்தான். காப்பி - பேஸ்ட் பக்கத்தில் இரண்டாவது பாதி இருக்காது.

இப்போது பிள்ளைகள் ஏஐ சாட்டில் கேட்கிறார்கள். நான் தடுக்கவில்லை. கடினமான ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து எளிய தமிழில் சொல்லச் சொன்னால் நன்றாகவே சொல்கிறது. ஆனால் வல்லத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த வல்லம் என்று திருப்பிக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் அழகான தமிழில் நான்கு பக்கம் கொடுத்தால், அது என்னுடைய டி டிரைவ் ஃபோல்டரைப் போன்றதுதான். என்னைவிட வேகம் அதிகம், அவ்வளவே.

எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவன் தன் நாட்டின் ஆரம்ப கால வரலாற்றைத் தேடினால் "ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்" என்ற தளம் இருக்கிறது. அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகம் 2013ல் தொடங்கியது. வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் போன்றவர்கள் எழுதிய, பெற்ற கடிதங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் டைப் செய்யப்பட்டு, குறிப்புகளுடன் கிடைக்கின்றன. ஒரு சொல்லைப் போட்டால் அது வரும் கடிதம் எல்லாம் வந்து நிற்கும். யேல் சட்டக் கல்லூரியின் "அவலான் புராஜெக்ட்" தளத்தில் அவர்களுடைய பழைய சட்டங்களும் ஒப்பந்தங்களும் அப்படியே உள்ளன. யேல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல். 1718ல் அவர் அனுப்பிய சரக்கு மூட்டைகளும் புத்தகங்களும்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கிக் கொடுத்தன. இங்கே சம்பாதித்ததில் கொஞ்சம் அங்கே போய்ப் பிள்ளைகள் படிக்கும் தளமாக நிற்கிறது என்று நான் கடையில் சொல்வதுண்டு. நம் கல்வெட்டுகள் மட்டும் பெரும்பாலும் ஸ்கேன் படங்களாகவே இருக்கின்றன. மணிமங்கலம் என்று தமிழில் டைப் செய்தால் அந்த 1899 பக்கம் வந்து நிற்க வேண்டாமா? கல்வெட்டு வரிகளை யூனிகோடில் டைப் செய்து, எளிய தமிழ்க் குறிப்புடன், ஊர் வாரியாகத் தேடும்படி அரசு தர வேண்டும். மதுரைத் திட்டத்தில் தொண்டர்களால் முடிந்தது, சம்பளம் வாங்கும் துறைகளால் முடியாதா?

அதுவரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். பிள்ளை ஒரு தகவலை எடுக்கும்போதே நோட்பேடில் நான்கு விஷயங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். தளத்தின் பெயர், பக்க எண், பார்த்த தேதி, அந்தத் தளம் யாரை ஆதாரமாகச் சொல்கிறது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் இன்னொரு இடத்தில் பார்த்துவிட்டு எழுதட்டும். கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். கடையில் உட்கார்ந்தால் அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போய், கோயில் சுவரைப் போனில் படம் பிடித்து வந்தார்கள். அதில் இரண்டு படங்களை கலர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரு படத்தில் கல்லெழுத்தின் மேல் அவள் அப்பாவின் விரல் தெரிகிறது. அதை வெட்டிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிராஜெக்ட்டின் கடைசிப் பக்கத்தில் "இது எங்கிருந்து கிடைத்தது" என்று தலைப்புப் போட்டு ஒன்பது வரிகள் எழுதியிருந்தாள்.

டி டிரைவில் அந்த ஃபோல்டர் இப்போது இல்லை. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன வாரம் தன் பையனுக்காக வந்து, "அந்த நாலு பக்கம் இருக்குமே, அதக் குடுங்க" என்றார். பையனை அனுப்புங்கள், ஏழு மணிக்கு சிஸ்டம் காலியாக இருக்கும் என்றேன்.